ஒன்றுமில்லாத நாளிலேயே வாருங்கள்

(மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதத்தையொட்டி, மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்களுக்கும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர்களுக்கும் நடந்த கூட்டத்தில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கதிரியக்கத் துறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பத்து மணிக்குக் கூட்டம் என்று சொன்னார்கள். ஒன்பதே முக்காலுக்கே நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. சமைத்து வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எங்கள் துறைக்குப் பெண்கள் இரண்டு விதமாக வருகிறார்கள். ஒரு சாரார், "மாருல ஒரு கட்டி தட்டுப்படுது டாக்டரம்மா" என்று வருகிறவர்கள். இன்னொரு சாரார், "எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று வருகிறவர்கள். முதல் வரிசையில் எப்போதும் கூட்டம். இரண்டாவது வரிசையில் விரல் விட்டு எண்ணலாம். இந்த இரண்டாவது வரிசை நீளமானால், முதல் வரிசையில் காலம் கடந்து வருகிறவர்கள் குறைவார்கள். இன்று நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஸ்கிரீனிங் என்று நாங்கள் சொல்லும் முன்கூட்டிய பரிசோதனை, நோய் இல்லை என்று நினைக்கும் பெண்ணுக்கானது. நோய் வந்தபின் செய்வதற்குப் பெயர் வேறு. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் எளிது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டபடி, இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடம். ஒரு காலத்தில் சென்னையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான் அதிகம். அடையாறு புற்றுநோய் நிலையம் 1981 முதல் வைத்து வரும் பதிவேட்டைப் பார்த்தால், அது படிப்படியாகக் குறைந்து, மார்பகப் புற்றுநோய் மேலே வந்தது தெரியும்.

இந்த எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். நம் நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. நோய் மார்பகத்துக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தவர்களில், ஐந்து ஆண்டுகள் கழித்து நூற்றுக்கு சுமார் 81 பேர் உயிரோடு இருந்தார்கள். அக்குள் நெறிகட்டி வரை போனபின் கண்டுபிடித்தவர்களில் சுமார் 65 பேர். எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று பரவியபின் வந்தவர்களில் சுமார் 18 பேர்தான். நோய் ஒன்றே, நாடு ஒன்றே. கண்டுபிடித்த நேரம்தான் வேறு.

அப்படியானால் ஏன் தாமதம்? நான் கேட்கும் பதில்களில் முதல் பதில் இதுதான்: "வலியே இல்லியே டாக்டரம்மா, அதான் விட்டுட்டேன்."

நம் பழக்கம் அப்படி. பல் வலித்தால் பல் டாக்டர், வயிறு வலித்தால் வயிற்று டாக்டர். வலி இல்லாவிட்டால் வேலை நடக்கட்டும். ஆனால் மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. மாதவிலக்குக்கு முன் இரண்டு மார்பிலும் கனமும் வலியும் வருகிறதே, அது பெரும்பாலும் ஹார்மோன் செய்கிற வேலை. வலிக்காத கட்டியைத்தான் அலட்சியம் செய்யக்கூடாது.

மூன்று படிகள்

மார்பகத்தைக் கண்காணிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று போட்டி கிடையாது, படிக்கட்டு மாதிரி.

முதல் படி, உங்கள் உடம்பை நீங்கள் தெரிந்து வைத்திருப்பது. குளிக்கும்போது சோப்புக் கையோடு தடவிப் பாருங்கள். புதிதாக ஒரு கட்டி, அக்குளில் நெறி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து தானாக ரத்தமோ நீரோ கசிவது, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் போலக் குழிவிழுவது, ஒரு மார்பு மட்டும் வடிவம் மாறுவது, காம்பைச் சுற்றி ஆறாத புண். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே வாருங்கள்.

இரண்டாவது படி, பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ கையால் செய்யும் பரிசோதனை. நம் நாட்டு அரசுத் திட்டத்தில் இதுதான் நுழைவாயில். 30 வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பெண்களுக்கும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். நம் மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இது நடக்கிறது, கட்டணம் கிடையாது. 2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் திட்டம் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

"கையால தடவிப் பாக்கிறதுல என்ன தெரிஞ்சிடப் போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மும்பையில் நடந்ததைச் சொல்கிறேன். டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. மும்பையின் எளிய குடியிருப்புகளில் வாழும், 35 முதல் 64 வயது வரையிலான சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். இருபது ஆண்டுக்கால முடிவு 2021-இல் வெளியானது. பரிசோதனை செய்துகொண்டவர்களிடம் நோய் முன்கூட்டிய நிலையிலேயே பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அந்த அளவு பலன் தெரியவில்லை என்பதையும் அந்த ஆய்வு ஒளிக்காமல் சொன்னது. இங்கே உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மெஷின் எதுவும் இல்லாமல், சரியாகப் பழகிய கை செய்த காரியம் அது.

மூன்றாவது படி மேமோகிராம். என் வேலையே அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேமோகிராம் என்பது என்ன?

மார்பகத்துக்கென்றே செய்த எக்ஸ்ரே. அவ்வளவுதான். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, வெறும் வயிற்றோடு வர வேண்டியதும் இல்லை.

கை தொட்டு உணர வேண்டுமென்றால் கட்டி ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும். மேமோகிராம் அதற்கு முன்பே, சில நேரம் இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே காட்டிக்கொடுக்கும். கடுகை விடச் சிறிய சுண்ணாம்புத் துகள்கள் ஓரிடத்தில் கூட்டமாகத் தெரியும். எந்தக் கைக்கும் அது தட்டுப்படாது. அந்தத் துகள்கள் பெரும்பாலும் சாதாரணமானவைதான். சில வகை அமைப்பில் இருந்தால் மட்டும் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம்.

இந்தக் கருவிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட கதை உண்டு. 1913-இல் பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், அறுத்தெடுத்த மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து, புற்றுநோய் படத்தில் எப்படித் தெரிகிறது என்று முதலில் பார்த்தார். மார்பகத்துக்கென்றே தனி மெஷின் வந்தது 1960-களில். ஸ்வீடனில் 1977-இல் இரண்டு மாவட்டங்களில் பெரிய ஆய்வு தொடங்கியது. மேமோகிராமுக்கு அழைக்கப்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்ததை அது காட்டியது. உலகில் பல நாடுகள் மேமோகிராமை அரசுத் திட்டமாக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்றைய ஃபிலிம் இன்று இல்லை. இப்போது டிஜிட்டல். படம் நேரே கணினிக்கு வருகிறது. சந்தேகமான இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், இரண்டு ஆண்டுக்கு முன் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பவர்களுக்கும் பழைய ஃபிலிமை விட டிஜிட்டல் நன்றாகக் கண்டுபிடிக்கிறது என்று 2005-இல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அதற்கடுத்து வந்தது டோமோசிந்தசிஸ் எனும் முப்பரிமாண மேமோகிராம். முழு பிரெட்டை வெளியிலிருந்து பார்ப்பதற்கும், துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது. ஒரு திசு இன்னொன்றை மறைப்பது குறையும்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்பீர்கள். ஸ்வீடனில் சுமார் 80,000 பெண்களின் படங்களை வைத்து நடந்த ஆய்வின் முதல் முடிவு 2023-இல் வந்தது. கணினியின் துணையோடு பார்த்தபோது புற்றுநோயைக் கண்டுபிடிப்பது குறையவில்லை. மருத்துவர்கள் படம் பார்க்கும் வேலையோ 44 சதவீதம் குறைந்தது. கணினி உதவும். முடிவு சொல்வது மருத்துவர்தான்.

பரிசோதனை அறையில் என்ன நடக்கும்?

தெரியாததால்தான் பாதிப் பயம். எனவே வாசலிலிருந்து சொல்கிறேன்.

புடவை-ரவிக்கை அல்லது சுடிதார் போட்டு வாருங்கள், மேல் ஆடையை மட்டும் எடுத்தால் போதும். நைட்டி, கவுன் சிரமம். அன்று காலையில் அக்குளிலும் மார்பிலும் பவுடர், சென்ட், க்ரீம் எதுவும் போடாதீர்கள். பவுடர்த் துகள் படத்தில் சுண்ணாம்புத் துகள் போலவே தெரிந்து எங்களைக் குழப்பும்.

அடுத்தது தாலி. பல அம்மாமார்கள் கதவு வரை வந்து தயங்கி நிற்பது இதற்காகத்தான். கழற்றத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. படத்தின் எல்லைக்குள் வராதபடி முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டால் போதும். உள்ளே இருக்கும் நுட்புநரிடம் சொன்னால் அவரே சரிசெய்து தருவார். பெரும்பாலும் அவர் பெண்தான். வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம், அதில் தயக்கமே வேண்டாம்.

மெஷின் முன் நின்றபடி, ஒவ்வொரு மார்பையும் ஒரு தட்டின் மேல் வைத்து மேலிருந்து இன்னொரு தட்டு அழுத்தும். இறுக்கமாக இருக்கும், சிலருக்கு வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் சில விநாடிதான். பக்கத்துக்கு இரண்டு என்று மொத்தம் நான்கு படம். அழுத்தினால்தான் திசு பரவி, படம் தெளிவாக வரும், கதிர்வீச்சும் குறைவாகப் போதும். மாதவிலக்கு வருகிறவர்கள் விலக்கு முடிந்த அடுத்த வாரம் வந்தால் வலி குறைவு. உள்ளே போனதிலிருந்து வெளியே வர இருபது நிமிடம் ஆகலாம்.

"அந்தக் கதிரே புத்துநோயைக் கொண்டு வந்துடாதா?" என்ற கேள்வி எல்லா ஊரிலும் வருகிறது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம் எல்லோர் மேலும் கதிர்வீச்சு பட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு மேமோகிராமில் கிடைப்பது, அப்படிச் சுமார் ஏழு வாரத்தில் கிடைக்கும் அளவு. உரிய வயதில் உரிய இடைவெளியில் எடுப்பவர்களுக்கு, அதனால் வரும் நன்மை அந்தச் சிறிய அபாயத்தை விடப் பல மடங்கு பெரிது. கர்ப்பமாக இருந்தால் அல்லது இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்த வயதில், எத்தனை முறை?

இதில் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறுபடும். வசதியுள்ள நாடுகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது, 50 முதல் 69 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2024-இல் 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று மாற்றியது. நம் நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் என்ற தேசியத் திட்டம் இல்லை. கைப் பரிசோதனையில் சந்தேகம் வந்தவர்களுக்கு அரசு மருத்துவமனையில் மேமோகிராம் செய்கிறோம். மற்றவர்களும் 40 வயது ஆனதும் ஒரு மருத்துவரிடம் பேசி, தங்களுக்கு எப்போது தொடங்குவது என்று முடிவு செய்யலாம். 50-ஐத் தாண்டியவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மா, அக்கா, தங்கை, மகள் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், அதிலும் இளம் வயதில் வந்திருந்தால், கணக்கு வேறு. 40 வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிலருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் சேர்த்துத் தேவைப்படும். 30-க்குக் கீழ் உள்ள பெண்ணுக்குக் கட்டி தெரிந்தால் பொதுவாக முதலில் அல்ட்ராசவுண்ட்தான்.

இதில் முக்கியமான சொல் "ஒரு முறை" இல்லை, "தவறாமல்" என்பதுதான். 2019-இல் ஒரு முறை எடுத்துவிட்டு, "நான்தான் எடுத்துட்டேனே" என்று இருப்பது, ஒரு வருடம் இன்சூரன்ஸ் கட்டிவிட்டு வண்டியை ஆயுள் முழுக்க ஓட்டுவது மாதிரி. பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதை வைத்து ஒப்பிட்டால்தான் புதிய மாற்றம் பளிச்சென்று தெரியும்.

திரும்பக் கூப்பிட்டால்

இங்கேதான் நாம் ஆட்களை இழக்கிறோம். தன்னார்வலர்கள் கவனமாகக் கேளுங்கள்.

சந்தேகம் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் ஆயிரம் பெண்கள் மேமோகிராம் எடுத்தால், சுமார் நூறு பேரைத் திரும்ப வரச் சொல்கிறார்கள். அந்த நூறு பேரில் கடைசியில் நோய் உறுதியாவது ஐந்து பேர் அளவுக்குத்தான். மீதிப் பேருக்கு நீர்க்கட்டியோ, கொழுப்போ, பால் சுரப்பித் தடிப்போ இருக்கும்.

ரிப்போர்ட்டில் "பைராட்ஸ்" என்று போட்டு ஓர் எண் எழுதியிருப்போம். அதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். பூஜ்யம் என்றால் தகவல் போதவில்லை, இன்னொரு படம் வேண்டும். 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் பெரும்பாலும் சாதாரணம், ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 4, 5 என்றால் பயாப்சி, அதாவது ஊசி மூலம் சிறிது திசு எடுத்துப் பார்க்க வேண்டும். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கு" என்று நினைத்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. பூஜ்யம் என்றால் வேலை பாக்கி என்று அர்த்தம்.

"ஊசி குத்தினா பரவிடும்" என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சை நம்பித் தள்ளிப்போட்ட மாதங்களில்தான் நோய் பரவுகிறது. ஊசியால் எடுத்துப் பார்க்காமல் சரியான சிகிச்சையைத் திட்டமிடவே முடியாது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். 46 வயது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் கையால் பார்த்தபோது இடது மார்பில் ஒரு சின்னக் கட்டி. உடனே சீட்டு எழுதி எங்களிடம் போகச் சொல்லிவிட்டார். செவிலியர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். அந்த அம்மா எங்களிடம் வந்தது எட்டு மாதம் கழித்து. அப்போது கட்டி ஐந்து சென்டிமீட்டர், அக்குளிலும் நெறி. ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டேன். "பொண்ணுக்கு நிச்சயம் பண்ணியிருந்தோம். இந்த நேரத்துல இந்த நோய்னு தெரிஞ்சா சம்பந்தம் என்னாகும்? கல்யாணம் முடியட்டும்னு சீட்டை அரிசி டப்பாவுக்குள்ள வச்சிருந்தேன்" என்றார்.

அவர் முட்டாள் இல்லை. ஓர் அம்மாவாகக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் ஒரு தகவல்தான் தப்பு. மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்குத்தான். இது ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. அந்த உண்மை அந்த வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் தெரிந்திருந்தால், அந்தச் சீட்டு அரிசி டப்பாவுக்குள் போயிருக்காது.

அவருக்கு முதலில் கீமோ கொடுத்து, பிறகு மார்பை முழுதாக எடுத்து, ரேடியேஷனும் கொடுத்தார்கள். இப்போது தொடர் கண்காணிப்பில் இருக்கிறார். எட்டு மாதம் முன்பு வந்திருந்தால், கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும், மார்பை முழுதாக எடுத்தாலும் ஆயுள் ஒன்றுதான் என்று இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் நிரூபித்திருக்கின்றன.

தன்னார்வலர்களிடம் என் வேண்டுகோள் இது. சீட்டு கொடுத்ததோடு உங்கள் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். அடுத்த முறை பிரஷர் பார்க்க அந்த வீட்டுக்குப் போகும்போது, "அக்கா, பெரியாஸ்பத்திரிக்குப் போனீங்களா? என்ன சொன்னாங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். தேவைப்பட்டால் அன்று கூடவே போங்கள்.

மேமோகிராமின் எல்லையும் தெரிய வேண்டும்

மேமோகிராம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடாது. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். படத்தில் அடர்த்தியும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. பனிமூட்டத்தில் வெள்ளை வேட்டியைத் தேடுவது போல. அப்படிப்பட்டவர்களுக்கு அல்ட்ராசவுண்டும் சேர்த்துச் செய்வோம். எனவே போன மாதம்தான் நார்மல் என்று வந்தது என்றாலும், இன்று ஒரு கட்டி தட்டுப்பட்டால் மறுபடி வர வேண்டும். ரிப்போர்ட் அன்றைய நிலவரத்தைச் சொல்கிறது, ஆயுளுக்கும் கொடுத்த உத்தரவாதம் இல்லை.

இன்னொன்று, மிக மெதுவாக வளர்ந்து கடைசிவரை தொந்தரவே தராத சில கட்டிகளையும் மேமோகிராம் கண்டுபிடிக்கும். அவற்றுக்கும் சிகிச்சை எடுக்க நேரலாம். எது தொந்தரவு தரும், எது தராது என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்ல இன்றைக்கு வழி இல்லை. வயதையும் இடைவெளியையும் யோசித்து வகுத்திருப்பது இதற்காகத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துக்கொண்டே இருப்பதில் பலன் இல்லை.

எங்கே போவது?

முதலில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம். 30 வயது தாண்டிய பெண் என்று சொல்லி, மார்பகப் பரிசோதனையும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தமும் அதே நாளில் பார்த்துவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் பரிந்துரைச் சீட்டோடு மேல் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் பலவற்றிலும் மேமோகிராம் வசதி இருக்கிறது.

வரும்போது ஆதார், குடும்ப அட்டை, பரிந்துரைச் சீட்டு, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். இல்லாதவர்கள், நோய் வரும்வரை காத்திருக்காமல் வருமானச் சான்று வாங்கி இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள். புற்றுநோய் அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் அதில் வருகின்றன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

கேள்வி நேரத்தில் வந்தவை

*"நான் மூணு பிள்ளைக்கும் ரெண்டு வருஷம் பால் கொடுத்தேன். எனக்கு வராதுல்ல?"*

பால் கொடுத்தது நல்லது, அபாயத்தை ஓரளவு குறைக்கும். வரவே வராது என்று சொல்ல முடியாது. பரிசோதனைக்கு வாங்கம்மா.

*"எங்க வம்சத்துலயே யாருக்கும் இல்லையே?"*

இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை.

*"ரத்தம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடாதா?"*

மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க, மேமோகிராமுக்குப் பதிலாகச் செய்யக்கூடிய ரத்தப் பரிசோதனை இன்றைக்கு இல்லை.

*"தொடாமலே, அழுத்தாமலே தெர்மல் ஸ்கேன்ல பாக்கிறதா முகாம் போடறாங்களே?"*

உடம்புச் சூட்டைப் படமெடுப்பது அது. மேமோகிராமுக்கு மாற்றாக அதை வைத்துக்கொள்ள முடியாது. அதில் நார்மல் என்று வந்ததை நம்பி மற்ற பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

*"ஆம்பளைங்களுக்கு வருமா?"*

வரும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூறு பேரில் ஒருவர் ஆண் என்ற அளவில். காம்புக்குப் பின்னால் கட்டி தெரிந்தால் அவர்களும் வெட்கப்படாமல் வர வேண்டும்.

*"எனக்கு அறுபத்தஞ்சு ஆச்சு. இனிமே எதுக்கு?"*

வயது கூடக் கூட இந்த நோயின் அபாயமும் கூடுகிறது. நல்ல ஆரோக்கியத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிற உங்களுக்குத்தான் இது மிகவும் பயன்படும்.

நிறைவாக

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்திலிருந்துதான் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் பிறந்தது. பல பத்தாண்டுகள் அங்கே பணியாற்றிய டாக்டர் சாந்தா, புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதற்கு மிகுந்த முக்கியத்துவம் கொடுத்தவர். அவர்கள் காலத்தில் இல்லாத கருவிகள் இன்று நம் மாவட்டத்துக்கே வந்துவிட்டன. கருவி வந்தது போதாது, நாம் போக வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்களுக்குக் கடைசியாக எப்போது மார்பகப் பரிசோதனை நடந்தது என்று யோசித்து, காலண்டரில் ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். அந்தத் தேதிக்குத் துணைக்கு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், நாத்தனாராக இருக்கலாம், குழுவின் தலைவியாக இருக்கலாம். தனியாக வரத் தயங்குகிறவர்கள் இரண்டு பேராக வந்தால் தயங்க மாட்டார்கள்.

உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஒரு நல்ல நாள் பார்த்து வாருங்கள். எங்கள் வாசலில் அந்த இரண்டாவது வரிசை நீளட்டும்.